விலாவில் வைத்த ஊதாப் புள்ளிகள்

குளித்துத் துடைக்கும்போது வலது விலாவை இன்றும் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். பித்தப்பையை எடுத்த தழும்பு சாய்வாகக் கிடக்கிறது. டாக்டரம்மா எலும்பு எலும்பாக வைத்த ஊதா மைப் புள்ளிகள் இருந்த இடம் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

எழுபதுகளில் இலங்கையில் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். மழைத்தண்ணீர் மலைமண்ணை அரிக்காமல் ஓடுவதற்கான வாய்க்கால் அது. படிப்புப் பாதியில் நின்றவன் நான். பயத்துக்கு மட்டும் குறைவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றதும் கத்தியை நினைத்து நடுங்கவில்லை, இருமலை நினைத்துத்தான் நடுங்கினேன். எங்கள் பெரியப்பா வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு, வலிக்குப் பயந்து இருமாமலே கிடந்தார். நெஞ்சில் சளி கட்டி, சவப்பெட்டியில்தான் லயத்து வீட்டுக்குத் திரும்பினார்.

மயக்கமருந்து கொடுக்கும் டாக்டரம்மா சிங்களப் பெண். வார்டில் கேட்டுக் கேட்டே எங்கள் தமிழைப் பிடித்தவர். பெரியப்பா கதையைச் சொன்னதும் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். வெட்டின இடத்தைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடலாம், ஆனால் உள்வலி அடங்காது என்றார். முதுகுத்தண்டில் ஒரே ஊசியில் எல்லாம் அடங்கும், ஆனால் காலும் மரத்துவிடும். விலா எலும்புக்கு அடியில் ஓடும் நரம்புகளுக்குத் தனித்தனியாகப் போட்டால் வெட்டின பக்கம் மட்டும் மரக்கும். குத்து அதிகம். ஆழமாகப் போனால் நுரையீரலில் பட்டுவிடும், பொறுமையாகப் போட வேண்டும்.

"அப்ப தண்ணி பொறக்குற ஊத்த அடைக்காம, கான் கானா அடைக்கிறதுங்களா?"

"அதேதாங்க. இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு வாய் வலிச்சிருக்காது!"

எலும்பைத் தடவித் தடவிப் புள்ளி வைத்தார். ஆபரேஷன் முடிந்து நான் கண் விழிக்குமுன்பே ஊசிகளைப் போட்டுவிட்டார். பிறகு தலையணையை வயிற்றோடு அணைக்கச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"பெரியப்பாவுக்கும் சேத்து இருமுங்க."

இருமினேன். கிழியும் என்று எதிர்பார்த்த வயிறு கிழியவில்லை. சளிதான் வந்தது, கூடவே அழுகையும்.

மறுநாள் மனைவி உடம்பு துடைக்க வந்தபோது துணியைத் தட்டிவிட்டேன். கான் வெட்ட அடிக்கும் முளைக்குச்சியை யாராவது பிடுங்கிவிட்டால் வேலை நின்றுபோகும். அதுபோல மை அழிந்தால் அடுத்த ஊசி எங்கே போவது?

"பொம்பளைக்குக்கூட இத்தன பொட்டு ஆகாதுங்க, தொடைக்க விடுங்க!" என்றாள்.

டாக்டரம்மா சத்தம் கேட்டு வந்து, தன் கையாலேயே துடைத்தார். "மை போகட்டுங்க. எலும்பு எங்கயும் போகாது." மருந்தின் வேகம் குறைந்து வலி தலைகாட்டுமுன் வந்து, எலும்பைத் தடவி மீண்டும் போட்டார். நான் அழைக்க வேண்டியிருந்ததே இல்லை.

பனிக்காலத்தில் இப்போதும் இருமல் வரும். கை தானாக அந்த விலாவுக்குப் போகும். எலும்பு அங்கேயேதான் இருக்கிறது. சத்தமாக இருமிவிட்டு, பெரியப்பாவுக்காக இன்னொரு தரம் இருமுவேன்.