சந்தேகப்படக் கற்றுக்கொடுத்த அரண்மனை

அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறவனுக்கு வாய் ராஜாக்களைப் பற்றிப் பேசினாலும், கண் வந்தவர்களின் கைமேலேயே இருக்க வேண்டும். என்னைப்போல் பிறரைக் கண்காணித்தே வயிறு வளர்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். யுத்த காலத்தில், திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜமீன் அரண்மனையில் எனக்கு அந்த வேலை. மலையேறி முருகனைக் கும்பிட்டவர்கள் அப்படியே வண்டி கட்டிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். "ஒருத்தரையும் நம்பாதே" என்பதுதான் மேனேஜர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

மூட்டை

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு குடியானவர் குடும்பம் வந்தது. ஆண்கள் தலையெல்லாம் மொட்டை, சந்தனம். அந்த வீட்டு அம்மாள் மட்டும் ஒரு துணிமூட்டையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை. தர்பார் மண்டபத்தில் எல்லோரும் அண்ணாந்து சரவிளக்கைப் பார்க்க, அவள் என்னையே பார்த்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. வாசலில் நிறுத்தி, "மூட்டைய அவுத்துக் காட்டும்மா" என்றேன். உள்ளே பழம்புடவை இரண்டு, விபூதிப் பொட்டலம் ஒன்று.

"இத வண்டியிலேயே வெச்சிட்டு வந்திருக்கலாமே?"

அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "வண்டிய உங்க ஆளுங்கதானே பாத்துகினு இருக்காங்க, அதான் கையோட எடுத்தாந்தேன்" என்றாள்.

அடி எண்ணியவர்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனம் ரயிலேறி வந்து, திருத்தணியில் வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூட மிச்சமில்லாத சமயம். கண்ணாடி போட்ட ஒருவர் நாலு நாளாகத் தோட்டத்துக்கு வந்தார். அரண்மனையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேட்டிலிருந்து அடி எண்ணி நடப்பார், நோட்டில் எழுதுவார், திரும்பவும் நடப்பார். "இன்னா சார் எழுதறீங்க?" என்று கேட்டால், "சும்மாதான்" என்று நோட்டை மூடிவிடுவார். ஒற்றனேதான் என்று முடிவுகட்டி மேனேஜரிடம் ஓடினேன். ஏட்டு வந்து ஊரே பார்க்க அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை அவரை விட்டுவிட்டார்கள். நேராக எங்கள் கேட்டுக்குத்தான் வந்தார், மனைவியைக் கைப்பிடித்துக்கொண்டு. அந்த அம்மாளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. கேட்டருகே மனைவியின் கையை விட்டுவிட்டு, நோட்டைப் பார்த்துப் படித்தார்: "நேரா நாற்பது. வலப்பக்கம் பன்னிரண்டு. அங்கே மல்லிப் பந்தல்."

அந்த அம்மாள் தனியாக நடந்தார். யார் துணையுமில்லாமல் போய்ப் பந்தலைத் தொட்டதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கிட்டே போய், "நான்தாம்மா புடிச்சிக் குடுத்தவன், மன்னிச்சிடுங்க" என்றேன்.

"பரவாயில்லைப்பா, நாலு நாளா என்னை விட்டுட்டு எங்கே போறார்னு நானும் சந்தேகப்பட்டுண்டுதான் இருந்தேன்" என்றார்.

பன்னீர்ச் செம்பு

ராணியம்மா மண்டபத்திலிருந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பு ஒருநாள் காணவில்லை. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கே இரண்டு ஆட்கள் என் வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். என் மனைவி, அவர்கள் போனதும் தணிந்த குரலில், "நெசமாலுமே எடுக்கலியே?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் செம்பு கிடைத்தது. யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்து மேனேஜரே பூஜை அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மறந்தும் போயிருந்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று போய் நின்றேன்.

"செம்பு கெடச்சிட்டுதுன்னு உன்மேல சந்தேகம் போயிட்டுதுன்னு நெனச்சிக்காதே" என்றார்.

இப்படியாக, ஒரு பொருளும் திருட்டுப் போகாத அந்த அரண்மனையில், நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் காவல் காத்தே காலத்தை ஓட்டினோம்.