லூமுட் கருவாடு, பீடோர் தோட்டம், குணாவின் போத்தல்

சாப்பாட்டோடு சிங்கிள் மால்ட் விஸ்கியை ருசித்துப் பழக வேண்டும், ஈப்போவிலிருந்து கிளம்பினால் எந்தப் பக்கம் போகலாம் என்று இந்தப் பக்கத்தில் இருவர் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடம் கேட்கிற கேள்வியா இது? முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து அழுதேன். ஏனென்றால் அப்படி ஒரு பயணம் நான் போயிருக்கிறேன். எண்பத்து இரண்டில், ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், என் தம்பி குணாவோடு.

குணா ஈப்போவில் தோட்டத் துரைமார் வந்துபோகும் ஒரு கிளப்பில் பதினொரு வருடம் மது ஊற்றிக் கொடுத்தவன். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் அவன் கையில் ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்காட்லாந்துக் கடலோரத் தீவு ஒன்றில் வடித்ததாம். அங்கே மக்கிய மண்ணை வெட்டி எரித்து, அந்தப் புகையில்தான் வாற்கோதுமையைக் காயவைப்பார்களாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எங்கள் அப்பா தோட்டத்தில் கள்ளச் சம்சுச் சாராயம் குடித்தே செத்தவர். என் வீட்டில் எந்தப் போத்தலும் திறக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, வீடு ஒன்றுதான், சட்டம் என்னுடையது. போத்தல் அரிசி டின்னுக்குப் பின்னால் இரண்டு வருடம் கிடந்தது.

அந்த வருடம் அவன் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் ஆறவேயில்லை. புற்று என்றார்கள். புதன்கிழமை கோலாலம்பூரில் அறுவை. நாக்கை எடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை குணா போத்தலைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தான்.

"அக்கா, ரெண்டு நாளு என்கூட வா. இது எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியணும்லா. அப்புறம் நீதான் எனக்குச் சொல்லணும்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்துப்போன அப்பாவையும் சேர்த்துத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு இரண்டு சின்னக் கிளாஸ், ஒரு தேக்கரண்டி, ஒரு பிளாஸ்க் தண்ணீர் எல்லாவற்றையும் கூடையில் எடுத்துவைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு ஈப்போவிலிருந்து லூமுட் பேருந்து. ஐம்பத்திரண்டு மைல், இரண்டே கால் மணி நேரம், ஆளுக்கு மூன்று வெள்ளி நாற்பது காசு. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரின் கடையில் காலா மீன் கருவாடு அரைக் கிலோ வாங்கினோம். குணாவின் பேச்சு குழறுவதைக் கவனித்த அவர், எதுவும் கேட்காமல் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அவர் கடையில் போத்தலை வெளியே எடுக்கவில்லை. அந்த மரியாதை நமக்குத் தெரிய வேண்டும். சற்றுத் தள்ளி ஒரு சீனர் கடையில் மீன் சுட்டுத் தரச் சொல்லி அங்கேதான் திறந்தோம்.

குணாவின் முறை இது. முதலில் மோந்து பார். தேக்கரண்டியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு, ஐஸ் கூடாது, சோடா கூடாது. ஒரு தேக்கரண்டி அளவு வாயில் விட்டுப் பத்து எண்ணும்வரை நாக்கில் வைத்திரு. விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சு விடு. அப்புறம் ஒரு வாய் சாப்பாடு, மறுபடி ஒரு சொட்டு விஸ்கி. இரண்டாவதாக வருவதுதான் ருசி என்பான். இதையெல்லாம் எனக்குச் செய்து காட்டினான். புண்ணில் விஸ்கி பட்டு ஒவ்வொரு தடவையும் கண்ணீர் கொட்டியது. போதும்டா என்றால் கேட்கவில்லை.

நான் செய்த முட்டாள்தனம், வீட்டிலிருந்து மிளகாயும் இறால் விழுதும் இடித்த சம்பால் பிளாச்சான் கொண்டுபோனது. சுட்ட மீன் என்றால் நமக்குச் சம்பால் இல்லாமல் இறங்குமா? மிளகாய்க்கு மேல் விஸ்கி பட்டதும் வாயெல்லாம் தீ. கைக்குட்டையில் துப்பினேன். எப்படி இருக்கு என்று கேட்டான். நல்லாத்தான் இருக்கு என்றேன்.

"பொய் சொல்லாதேக்கா. புதன்கிழமைக்கு அப்புறம் எனக்கு உன் நாக்குதான் இருக்கு. அதுவும் பொய் சொன்னா நா எங்க போவேன்?"

மூன்றரை மணிப் பேருந்தில் திரும்பினோம். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரை எழுப்பி நிறுத்தியிருப்பேன்!

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு டாக்சி, பீடோருக்கு. முப்பத்தெட்டு மைல், ஒரு மணி பத்து நிமிடம், பங்கு டாக்சியில் ஆளுக்கு ஐந்து வெள்ளி. பீடோரில் கொய்யாவும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வாங்கிக்கொண்டு, நாங்கள் பிறந்த தோட்டத்துக்கு இன்னொரு டாக்சி பேசினோம். நாலு மைல், இரண்டு மணிவரை காத்திருக்க, போகவர பன்னிரண்டு வெள்ளி. ஓட்டுநர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க ஒண்ணும் இல்லையேக்கா, எல்லாம் செம்பனை போட்டுட்டானுங்க" என்றார். உண்மைதான். எங்கும் எண்ணெய்ப் பனைதான், ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. தொழிலாளர் லயத்து வீடுகளில் ஆளில்லை. அம்மா வேலை பார்த்த புகைக் கொட்டகை, ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டுப் புகை போடும் இடம், சிமெண்டுத் தரையோடு நின்றிருந்தது.

அந்தத் தரையில் உட்கார்ந்தோம். கொய்யா ஒத்துவரவில்லை, விஸ்கி கசந்துபோனது. குணா சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிக் கருவாட்டைச் சுட்டான். கிழங்கில் ஒரு விள்ளல், கருவாட்டில் ஒரு விள்ளல். மென்று விழுங்கிவிட்டு ஒரு கரண்டி விஸ்கி. பத்து எண்ணினேன். மூக்கு வழியாக மூச்சு விட்டேன்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது அவள் சேலையில் இருந்த வாடை. செத்து இருபது வருடம் ஆனவள்.

"குணா, இது இந்தக் கொட்டகைப் புகைடா. அம்மா வாடை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. கிளப்பில் முதல் தடவை வாயில் விட்டபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. துரைமார் தார் என்றும் கடற்பாசி என்றும் சொல்வார்களாம், இவனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவானாம்.

"நா யார்கிட்டக்கா சொல்றது? அவங்களுக்கு அம்மாவைத் தெரியுமா?"

இரண்டு வருடம் அந்தப் போத்தலைத் திறக்கவிடாமல் வைத்திருந்தவள் நான். அதற்காக இன்றுவரை என்னை மன்னிக்க முடியவில்லை. மீதிக் கருவாட்டை அவன் வலதுபக்கப் பல்லில் வைத்து மெல்ல மெல்ல மென்றான். இரண்டு மணிக்கு ஓட்டுநர் ஹாரன் அடித்தபோதும் மென்றுகொண்டுதான் இருந்தான்.

அறுவைக்குப் பின் பத்தொன்பது மாதம் இருந்தான். பேச்சு இல்லை, ஆகாரம் குழாயில். ஞாயிறுதோறும் போத்தலைத் திறப்போம். அவன் மோந்து பார்த்துவிட்டுக் கிளாஸை என்னிடம் தருவான். மூக்கு அவனுடையது, நாக்கு என்னுடையது. ஒரு கரண்டிதான். ருசித்துச் சொல்வேன். சரி என்றால் மேசையில் ஒரு தட்டு, தப்பு என்றால் இரண்டு தட்டு. நான் சும்மா அளந்துவிட்டால் கண்டுபிடித்துவிடுவான்.

நீங்கள் போவதானால் சம்பாலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கருவாட்டை எண்ணெயில் பொரிக்காதீர்கள், கரியில் சுடுங்கள். மரவள்ளிக்கிழங்கு அவசியம், உப்பைத் தாங்கிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. வண்டி ஓட்ட வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன கட்டணத்தை நம்பிப் போகாதீர்கள், அதெல்லாம் அந்தக் காலம். முக்கியமாக, யாரோடு ருசிக்க ஆசையோ அவரை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். ஏதாவது சட்டம் போட்டு வைத்திருந்தால் தூக்கி எறியுங்கள்.

குணாவின் பதினாறாம் நாள் படையலுக்கு நானே சமைத்தேன். படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது, எச்சிலாகிவிடும். உப்பு உறைப்பு எல்லாம் கைக்கணக்குதான். இலையில் கிழங்கும் சுட்ட கருவாடும் வைத்து, போத்தலில் கடைசியாக இருந்ததைக் கிளாஸில் ஊற்றி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். செத்தவர்கள் வாசனையைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பார்கள். மூக்குதான் அவனுக்கு எப்போதும் இருந்ததே. சூடம் ஏற்றுவதற்கு முன், இலையிலிருந்து கருவாட்டைப் பிய்த்து வாயில் போட்டேன். கிளாஸிலிருந்து ஒரு கரண்டி எடுத்தேன்.

"அடிப்பாவி, படையலை எச்சில் பண்றியே" என்று படையலுக்கு வந்திருந்த அத்தை கையைப் பிடித்தார். நான் பத்து எண்ணி முடித்தேன். பிறகு குணாவின் படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"குணா, கருவாட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குடா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு."

மேசையில் ஒரு தட்டு கேட்குமா என்று நின்றுகொண்டிருந்தேன். அத்தை என் கையை விட்டுவிட்டு, தானே சூடம் ஏற்றினார்.