என் ஜீப்பில் வாடகைப் பயணி

சனிக்கிழமை காலை ஐந்து பத்துக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினேன். வீட்டில் ஏலக்காய் வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் போனது, இரண்டு வருடத்துக்கு முன் விற்றுவிட்ட என் ஜீப்பைப் பார்க்க.

நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் ஜீப் அது. பதினாறு வருடம் என்னிடம் இருந்தது. முழங்கால் வலி வந்து, அந்தக் கனத்த கிளட்சை மிதிக்க முடியாமல் ஒரு தரகர் மூலம் விற்றேன். வாங்கியவரை நான் பார்க்கவில்லை. போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் செந்தில் மூணாறு போய்விட்டு வந்து, செல்போனில் ஒரு வீடியோ காட்டினார்.

"ஏனுங்க, இது உங்க பழைய வண்டி நம்பர்தானுங்களே?"

நம்பர் என்னுடையதுதான். வண்டி அப்படி இல்லை. வெள்ளையாக இருந்தது பச்சையாகியிருந்தது. கட்டைப் பல் வைத்த புதுப் பட்டன் டயர்களோடு ஓடைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கி, எதிர்க்கரைப் பாறையில் தொற்றி ஏறியது.

"என்னமா ஏறுதுங்க!" என்றார் செந்தில்.

அவர் செல்போனை வாங்கி அந்த வீடியோவை இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஓட்டுநரின் செல்போன் நம்பரை அவரிடமே வாங்கி, நான் யார் என்று சொல்லாமல் ஒரு சவாரி பதிவு செய்தேன். மூன்று மணி நேரம், முழு வண்டி, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

பொள்ளாச்சி தாண்டி உடுமலையில் ஒரு டீ. அங்கிருந்து மூணாறு சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். சின்னாறு சோதனைச்சாவடியில் பெயரும் வண்டி நம்பரும் எழுதிக்கொண்டு விட்டார்கள். மறையூர்ச் சந்தனக் காட்டுக்குக் கம்பிவேலி போட்டிருக்கிறது. வேலிக்குள்ளே மான்கள், வெளியே வெல்லக் கடைகள். அதற்கு மேல் வழியெல்லாம் தேயிலை. எத்தனையோ பேர் எழுதிவிட்ட அழகு, ஆனால் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இந்தச் சாலையில் என் ஜீப்பை ஒரு தடவைகூட ஓட்டியதில்லையே என்பதே ஓடிக்கொண்டிருந்தது. இப்போதைய ஆட்டோமேட்டிக் கார் சத்தமே இல்லாமல் ஏறியது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு, மூணாறு தாண்டி, சவாரி கிளம்பும் சித்திரபுரம். மின்வாரியக் குடியிருப்புக்கு எதிரே, சரிவில் ஜீப் நின்றிருந்தது. பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் பாறையில் பிடிப்புக் கிடைக்க டயரில் காற்று குறைத்துக்கொண்டிருந்தார். பெயர் ஸ்டெல்லா. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், வண்டியும் அவருடையதே, ஓட்டுவதும் அவரே.

"ஏறுங்க அண்ணாச்சி. நீங்க மட்டுந்தானா?"

என் வண்டியில் இடதுபக்கம் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. பவர் ஸ்டியரிங் போட்டிருந்தார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். என்ஜினைப் பிரித்து பிஸ்டன் மாற்றியிருந்தார். ஓடைத் தண்ணீர் என்ஜினுக்குள் போகாமல் இருக்கக் காற்றுக்குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றியிருந்தார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏலக்காட்டுக்குள் கல்பாதை தொடங்கியதும் நான்கு சக்கர இழுவைக்கான குட்டை லிவரைத் தட்டிக் காட்டினார்.

"வாங்கும்போது இது அசையவே இல்ல. துருப்பிடிச்சுக் கட்டியா இருந்துச்சு. முந்தி வச்சிருந்த மனுசன் ஒருநாளும் தொட்டதில்ல போல. கல்யாண வீட்டுக்கு மட்டுந்தான் ஓட்டியிருப்பாக."

உண்மை. பதினாறு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. ஞாயிறுதோறும் கழுவினேன், மெழுகு தேய்த்தேன், ஷெட்டில் நிறுத்தினேன். மலைக்குக் கொண்டுபோனால் கெட்டுவிடுமே என்று பயந்தேன்.

ஒன்றேகாலுக்கு, செங்குத்தான ஏற்றம் ஒன்றின் நடுவில் என்ஜின் திக்கி நின்றது. ஸ்டெல்லா பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார்.

"சனியன், மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. டீசல் லைன்ல காத்து ஏறிக்கிடுது அண்ணாச்சி. எங்கிட்டு ஏறுதுன்னுதான் தெரியல. மூணு வர்க்ஷாப்ல பாத்தாச்சு. பில்டர் மாத்தி, பம்பும் மாத்தியாச்சு."

எனக்குத் தெரியும். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், செம்புக்குழாயும் ரப்பர் குழாயும் சேருமிடத்தில் ஒரு விரிசல். எங்கள் ஊர் மெக்கானிக் நூல் சுற்றி, மேலே பழைய ரப்பர் உறை ஒன்றை மாட்டிவிட்டிருந்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டாங்கியில் பாதிக்குக் கீழே டீசல் இறங்கினால் அங்கே காற்று இழுக்கும். நான் பாதிக்குக் கீழே இறங்க விட்டதே இல்லை. விற்கும்போது தரகரிடம் சொல்லவும் இல்லை.

அவர் பானெட்டைத் திறந்து பம்பைக் கையால் அடித்துக் காற்றை வெளியேற்றினார். ஸ்டார்ட் ஆகி, பத்தடி ஏறி, மறுபடி நின்றது. இரண்டு ஜீப்புகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒன்றிலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். இத்தனை செய்தும் வண்டி இவருக்கு முழுசாக வசப்படவில்லையே என்ற சந்தோஷம்.

"மூணு மணிக்கு இன்னொரு சவாரி இருக்கு. இன்னிக்கும் விட்டேன்னா ஆளு அனுப்புற ஹோம்ஸ்டேக்காரரு இனி என்னைக் கூப்பிட மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது முறையாகப் பம்பை அடித்தார். அவர் கட்டைவிரல் தோல் கிழிந்திருந்தது.

இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு இறங்கினேன்.

"அம்மணி, உங்க சீட்டைத் தூக்குங்க. அந்த ரப்பர் உறையைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினார். கறுத்த நூல் டீசலில் ஊறிக் கிடந்தது. அதை விரலால் நெருடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமாங்க."

"தெரிஞ்சுக்கிட்டேதான வித்தீக?"

"ஆமாங்க."

"ரெண்டு வருசம், அண்ணாச்சி. எத்தன தடவ நடுக்காட்டுல நின்னிருக்கேன் தெரியுமா?"

 அதற்கு மேல் அவர் திட்டவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து புதுக்குழாய் ஒரு முழம் எடுத்து, அளந்து வெட்டி, இரண்டு கிளிப் போட்டு முறுக்கினார். பத்தே நிமிடம். நான் எத்தனையோ வருடம் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலை.

என்ஜின் பிடித்தது. கடைசி ஏற்றத்துக்கு முன், "அந்தக் குட்டை லிவரப் பின்னால இழுங்க" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. வண்டி பாறைமேல் தவழ்ந்து ஏறியது. உச்சியில் போடிமெட்டுப் பக்கத்து மலைகள் நீலமாகத் தெரிந்தன.

"குடுக்கறீங்களா அம்மணி? கேக்கற வெல தர்றேனுங்க."

"குடுத்தா மறுபடியும் ஷெட்டுலதான வைப்பீக? இது இங்கனயே கெடக்கட்டும்."

இரண்டு ஐம்பதுக்குச் சித்திரபுரம் திரும்பினோம். மூன்று மணிச் சவாரிக்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. எனக்கு மட்டும் தெரிந்திருந்த அந்த விரிசல் விஷயமும் இப்போது அவருடையது. இனி அந்த வண்டி என்னிடம் எதற்கும் வரவேண்டியதில்லை. என் காரில் ஏறப்போனபோது ஸ்டெல்லா கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பேரு ஏதாச்சும் வச்சிருந்தீகளா வண்டிக்கு? முன்னாடி எழுதலாம்னு பாக்கேன்."

"பேரெல்லாம் வைக்கலீங்க அம்மணி" என்றேன்.

வைத்திருந்தேன். பதினாறு வருடமும், ஷெட்டில் யாரும் இல்லாதபோது, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கழுவினேன். அதை அவருக்குக் கொடுக்கவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.