சாமி முகத்தில் ஒரு பட்டன்

மலேசியாவின் கிள்ளானில் நானும் கணவரும் தைப்பூசத்துக்குக் காவடி செய்து கொடுக்கிறோம். இந்த முறை ஆர்டர் எடுக்க நானே ஓர் இணையப்பக்கம் செய்ய ஆசைப்பட்டேன். வகுப்புக்குப் போக நேரமில்லை. இணையதளம் வடிவமைக்கும் தோழி கலா, படிக்கச் சொல்லி ஆறு கட்டுரைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஐந்தைப் படித்தேன். கைப்பேசியில் சோதிப்பது பற்றிய ஆறாவதை, ‘இதற்குமா பாடம்?’ என்று விட்டுவிட்டேன்.

மடிக்கணினியில் பக்கம் அழகாக இருந்தது. திரை நிறைய முருகன், அவர் காலடியில் ‘ஆர்டர் செய்ய’ என்று ஒரு பட்டன். வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன்.

ஒரு வாரமாகியும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. தைப்பூசமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வழக்கமாக எங்களிடம் காவடி வாங்கும், சுங்கை வே ஊரில் இருக்கும் அக்கா போன் செய்தார்.

“என்னம்மா, பட்டன சாமி மூஞ்சியிலயே வச்சிருக்க! அதுல போயி எப்படி லா விரல வைக்கிறது?”

பதறிப்போய்க் கைப்பேசியில் திறந்தேன். சின்னத் திரையில் பட்டன் மேலே ஏறி முருகன் முகத்தை மறைத்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் தொடத் தயங்கியிருக்கிறார்கள்!

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆறாவது கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்னபடி செய்ததும் பட்டன் காலடிக்கு இறங்கியது.

இப்போது எதை மாற்றினாலும் கணவரின் பழைய கைப்பேசியில் பார்த்த பிறகே வெளியிடுகிறேன். கலா அனுப்புவதில் ஒரு வரியையும் விடுவதில்லை.

முதல் ஆர்டரும் அந்த அக்காவுடையதுதான். கூடவே ஒரு செய்தி: “காலத் தொட்டு ஆர்டர் பண்ணிட்டேன்மா.”

– பூங்கோதை, கிள்ளான்