உயிரோடு போகவேண்டிய இரத்தம்

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் அம்மா, அக்கா, நான் மூவரும் இருந்தோம். படிப்பித்துவிட்டு வந்த அக்கா பாமன்கடையில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து முன்கையை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். தையல் ஆறிய பிறகும் அந்த இடம் சிவந்து நீர் வடிந்தது. எலும்பும் பொருந்தவில்லை. சொறியாமலிருக்கச் சேலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு படுப்பாள்.

"கிருமி ஒண்டும் இல்லை. தகட்டில இருக்கிற உலோகம் ஒத்துவரேல்லைப் போல," என்றார் டாக்டர். "மாத்த முதல், எது ஒத்துவரும் எண்டு இரத்தத்தில பாக்கவேணும்."

அதை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்றார். வெள்ளவத்தை லாப்பில் இரத்தம் எடுத்த பெண் குழாய்களைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துத் தந்தாள்.

"அண்ணா, ஐசில வைக்காதேங்கோ, வெயிலும் படக்கூடாது. செல்லுகளை உலோகத்தோட சேர்த்துவைச்சு, பெருகுதா எண்டு பாக்கிறவை. பெருகினா அந்த உலோகம் ஒத்துவராது. உயிரோட போகவேணும்."

கொட்டாஞ்சேனை பார்சல் ஏஜன்சிக்குப் பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, "மே மொனவாத?" என்று சிங்களத்தில் இது என்னவென்று கேட்டான்.

"லே. அக்ககே லே," என்றேன்.

இரத்தம் என்றதும் அதிகாரியைக் கூப்பிட்டான். கைக்குள் தகடு என்று விளக்கப்போக, அது வேறு கதையாயிற்று; சண்டையில் காயப்பட்டவளோ என்று சந்தேகித்தார்கள். ஷெல் காயமா? எப்போது கொழும்புக்கு வந்தவள்? லாப்புக்கு ஃபோன் எடுத்து விசாரித்து என்னை விடுவதற்குள் பின்னேரமாகிவிட்டது. பெட்டி மண்மூட்டையின் மேல் வெயிலில் கிடந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, இனி உதவாது என்றாள் லாப் பெண்.

"திரும்பக் குத்தவேணுமோ?" என்று கேட்டாள் அக்கா. அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப நானும் வாறன். என்ர கையை நானே காட்டிறன்."

அடுத்த கிழமை அதே சாவடியில், கேட்க முன்னரே அக்கா எக்ஸ்ரேயை நீட்டி, கைக்கட்டை அவிழ்த்தாள். ஆமிக்காரன் முகம் சுளித்து, "அனே அக்கே," என்று, ஐயோ அக்கா என்கிற மாதிரி, வழிவிட்டான். கொட்டாஞ்சேனையிலேயே ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுப்பித்துக் கையோடு ஏஜன்சியில் கொடுத்தோம்.

முடிவு வந்தது. பழைய தகட்டில் இருந்த நிக்கலுக்குச் செல்கள் நன்றாகப் பெருகியிருந்தன, டைட்டேனியத்துக்கு இல்லை.

"சின்னனில பான்சித் தோடு போட்டுக் காது புண்ணானதும் இதாலதான் அம்மா. நான் கழுவிறேல்லை எண்டு பேசினனீங்கள்," என்றாள் அக்கா.

அம்மா கீரை ஆய்ந்தபடியே, "எண்டாலும் நீ கழுவிறேல்லைத்தான்," என்றார்.

டைட்டேனியம் தகடு வைத்தார்கள். எலும்பு பொருந்த நாளெடுத்தது. மூன்றாம் தவணை தொடங்கியபோது அக்கா மறுபடி கரும்பலகையில் எழுதினாள்.