முப்பத்தொன்றாம் பக்கம்

புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. வாடகைக்குப் புத்தகம் விடுகிற கடை என்னுடையது. இருபது வருடமாக "கிறுக்காதீங்க" என்று கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணி வற்றிப்போனதுதான் மிச்சம். அதில் பாதிக் கத்தல் மீட்டரம்மாவுக்கு.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. நாற்பத்தைந்து வயது, தோளில் பை, காதில் செருகிய பேனா. காலையெல்லாம் படியேறி இறங்கிவிட்டு மத்தியானம் என் கடைக்கு வருவார். குடும்பக் கதை, துப்பறியும் கதை எதுவும் ஆகாது. ஒன்று, டிராகன் பறக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ராட்சச அரசாங்கம் ஜனங்களைப் போட்டு நசுக்க வேண்டும்.

"ஊர் உருப்படாம போற கதை புதுசா ஏதாவது வந்துச்சா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவார். அதற்கு டிஸ்டோபியா என்று பெயராம். வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். புத்தகத்தைத் தொடுகிற ஆள் இவர் மட்டும். "சாப்பாட்டு நேரத்துல அரை மணிதான் எனக்குன்னு இருக்கு. அதுலயும் மொக்கை புக்கு மாட்டிட்டா அழுகையே வந்துரும்" என்பார்.

மொக்கையில் மாட்டாமலிருக்க ஒரு வழி வைத்திருந்தார். வாடகைப் புத்தகம் எடுக்கிறவர்கள், படித்ததையே மறுபடி எடுத்து ஏமாறக் கூடாது என்று, ஏதாவது ஒரு பக்கத்தின் மூலையில் பென்சிலால் சின்ன அடையாளம் போட்டுவிடுவார்கள். என் கடையில் அது முப்பத்தொன்றாம் பக்கம். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஒருவர் மீன் வரைவார், ஒருவர் நட்சத்திரம். மீட்டரம்மாவுடையது ஒரு வட்டமும் அதற்கொரு வாலும். ஆரம்பத்தில் ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தேன். பிறகு எனக்கே சலித்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் யாரோ முக்கோணமும் போட்டு வந்தார்கள். முக்கோணம் இருந்தால் நாவல் அபாரம் என்று மீட்டரம்மா கண்டுபிடித்துவிட்டார். புது வரவு வந்தால் நேரே அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார். ஏழு வருடத்தில் நூறு நாவலுக்கு மேல் இருக்கும், ஒருமுறைகூட ஏமாறவில்லை.

"யாருண்ணே இந்த முக்கோணம்?"

"தெரியலம்மா. கையில கிடைச்சா விரலை ஒடிச்சிருவேன்."

"ஐயோ, ஒடிச்சிராதீங்க. என் மனசு தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான்."

சொல்லிவிட்டு, என் கண்ணெதிரிலேயே முக்கோணத்துக்குக் கீழே தன் வட்டத்தைப் போட்டார்.

இந்த வருடம் அரசாங்கச் சுற்றறிக்கை வந்தது. மக்கள் மனதைக் கெடுக்கும் நாவல்களை ஒப்படைக்க வேண்டும், படித்தவர்களின் பட்டியலோடு. இன்னொரு வாடகைக் கடை கொடுத்த பட்டியலில் பெயர் இருந்த ஒரு டெய்லரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். பன்னிரண்டு நாளாக ஆள் திரும்பவில்லை. பாதி தைத்த சட்டை மெஷினிலேயே கிடக்கிறது. கேள்விப்பட்ட அன்றே, யார் எதை எடுத்தார்கள் என்று எழுதி வைத்த ரெஜிஸ்டரைக் கிழித்து எரித்தேன். இனி யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாக வேறு இருந்தேன், மடையன்.

நேற்று காலை அதிகாரி வந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை, பார்த்துப் பழகிய முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, எதையும் எடுக்காமல், நின்றபடியே புரட்டிவிட்டுப் போகிறவர். அலமாரியில் தேடவே இல்லை. வேண்டியதை மளமளவென்று உருவி மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"முக்கோணம் நான் போட்டது" என்றார் சாவகாசமாக. "பறிமுதல் பண்ண வேண்டிய புக்கு எதுவும் விட்டுப்போயிடக் கூடாதுல்ல? ஏழு வருஷ வேலை. அதுசரி, இந்த வட்டம் யாரு?"

"தெரியாது சார்."

"எல்லாத்துலயும் இருக்கே. ஒண்ணு விடாம படிச்சிருக்காங்களே."

அவர் முதுகுக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மாதாமாதம் மீட்டரம்மா யூனிட் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக அடையாளம் போடுகிற அட்டை. அதே வட்டம், அதே வால். என் கடையில் மட்டுமா? இந்தப் பகுதியில் எல்லா வீட்டுச் சுவரிலும் அதுதான் தொங்குகிறது.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன்.

"நீங்களா? எங்கே, வரைஞ்சு காட்டுங்க."

வரைந்தேன். அத்தனை தடவை அழித்த கைக்கு மறக்குமா? வால்கூட அச்சாக அப்படியே வந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, கடையைப் பூட்டிட்டு வாங்க."

அந்தம்மா தப்பித்துவிட்டார் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மீட்டர்!"

மாதக் கணக்கெடுக்கிற தேதி அதுதான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மீட்டரம்மா மேசைப் பக்கம் திரும்பாமல் வழக்கம்போல் நேரே பெட்டிக்குப் போனார். அட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். காதிலிருந்த பேனாவை உருவி யூனிட்டை எழுதினார். அதிகாரி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிறுக்காதீங்க என்று இருபது வருடம் கத்தினேனே, நேற்று அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. மீட்டரம்மா வட்டத்தைப் போட்டு, வாலையும் இழுத்து முடித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, கடையைப் பூட்ட வேண்டாம் என்றார்.