மாடிக்காரி போட்ட போன்

எங்கள் மாடியில் குடியிருக்கிறவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவள் வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் நல்ல சம்பளம் வாங்குகிறார், அது கிடக்கட்டும். போலீசுக்கு போன் போட்டுவிட்டு மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். லைசென்ஸ் கிடையாது. தீபாவளி சீசன் நெருங்கினால் அங்கே வெடிக்கு மருந்து செலுத்துவார்கள். ஷெட்டுக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்துதான். அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான் என் மகள் படிப்பாள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் பாதி வீடுகளுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற வேலை அந்த ஷெட்டிலிருந்துதான் வருகிறது. சோறு போடுகிறவனை யார் காட்டிக்கொடுப்பார்கள்?

போன வருஷம் நான் காட்டிக்கொடுத்தேன். காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கிறவள் நான், அவர்கள் குழாயை நம்பி என் அடுப்பு எரியவில்லை. ஸ்டேஷனுக்கு போன் போட்டுப் பேரும் விலாசமும் சொன்னேன். சாயங்காலம் ஓர் ஏட்டு வந்தார். நேராக ஷெட்டுக்குப் போகாமல் முக்கு டீக்கடையில் பைக்கை நிறுத்தினார்.

"வெடி தயாரிக்காகன்னு கம்ப்ளைண்ட் குடுத்த பொம்பள வீடு எங்கன இருக்கு?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார்.

அவர் என் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஷெட்டைக் காலி பண்ணிக் கழுவியும் விட்டிருந்தார்கள். அதிலிருந்து தெருவில் என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வேன் பிடித்தபோது என் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் கூப்பிட்டார்கள். ஷெட்டில் மறுபடியும் வேலை நடந்தது.

இந்த வருஷம் மாடிக்காரி போன் போட்டாள். அதே நம்பர், அதே ஸ்டேஷன். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. அம்மா மப்டியில் ஆட்களோடு வந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. ஷெட்டில் இருந்ததை எல்லாம் கைப்பற்றி, ஷெட்டுக்காரரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சொன்னது யார் என்று மூச்சு விடவில்லை.

மாடிக்காரி என்னிடம் மட்டும் சொன்னாள்.

"போன் போட்டா வருவாகக்கா. அதுக்குத்தான போலீசு இருக்கு?"

என்னமோ பால்காரனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். என் மகள் இனிப் பயமில்லாமல் படிக்கலாம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்தைவிடப் பொறாமைதான் கூடுதல். நான் கிணறு வெட்டினேன், பூதம் கிளம்பியது. அவள் வெட்டினாள், தண்ணீர் வந்துவிட்டது. போலீசை நம்புகிற அந்த மனசு இவளுக்கு மட்டும் எந்தக் கடையில் கிடைத்தது?

மறுநாள் காலையில் ஷெட்டுக்காரர் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது.

"ஒண்ணு நீங்க, இல்லாட்டி அந்த மாடிக்காரி. யாருன்னு மட்டும் சொல்லுங்க மதினி. மத்தத நாங்க பாத்துக்கிடுறோம்."

மாடிப்படியில் மாடிக்காரி ஈரத் துணியோடு நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் ஒரு விரலை நீட்டினால் போதும், போன வருஷம் நான் பட்டதெல்லாம் இந்த வருஷம் அவள் படுவாள். அப்புறம் எந்தப் போலீசை நம்புவாள் என்று பார்க்கலாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

அவர்கள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாடிக்காரி இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னையக் காப்பாத்திட்டீகக்கா."

இவளைக் காப்பாற்ற யார் நினைத்தார்கள்? போட்டதும் போலீஸ் வந்த அந்த ஒரு போன், நான் போட்டதாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.